இன்ஜினில் ஏறியவர்கள்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட அந்தப் பாதையின் நீளம் சுமார் 100 கிலோமீட்டர். மண் வெட்டிக் கரை போட்டதும், ஜல்லி சுமந்ததும், தண்டவாளம் தூக்கிப் பதித்ததும் உள்ளூர் மக்கள். இன்ஜினில் நின்றவர்கள் மட்டும் கடல் கடந்து வந்தவர்கள். பிரிட்டனில் இன்ஜின் ஷெட்டுகளில் வேலை பழகிய டிரைவர்களைக் கம்பெனிகள் ஒப்பந்தம் எழுதி, கப்பல் செலவு கொடுத்து, வீடும் தந்து வரவழைத்தன. உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தரும் சம்பளத்தைப் போலப் பல மடங்கு அவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த இன்ஜினில் வேறு யார் யார் ஏறினார்கள், எப்படி ஏறினார்கள் என்பது இந்திய ரயில்வேயின் சமூக வரலாற்றில் முக்கியமான பகுதி.

டிரைவர் வேலையைச் சுற்றி இத்தனை உயரமான வேலி எழுந்ததற்கு அந்த வேலையின் தன்மையே ஒரு காரணம். நீராவி இன்ஜினை ஓட்டுவதைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. கரியை எங்கே எவ்வளவு வீச வேண்டும், ஏற்றம் வருவதற்கு எத்தனை நிமிடம் முன்பே நீராவியைத் திரட்டி வைக்க வேண்டும், பாய்லரில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் ஆபத்து என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் படிய வேண்டிய விஷயங்கள். பாதையும் அப்படித்தான். எந்த வளைவுக்குப் பின்னால் கைகாட்டி மரம் ஒளிந்திருக்கிறது, எந்த இறக்கத்தில் கூட்ஸ் வண்டி பின்னாலிருந்து தள்ளும் என்பது டிரைவரின் மண்டைக்குள் இருந்தது. புதிதாக ஒரு பாதைக்கு வருபவர் அதை அறிந்த ஒருவருடன் சில நடைகள் போய்வந்து ‘ரோடு கற்றுக்கொள்ள’ வேண்டும். இந்த ஏற்பாடு இன்றும் உண்டு.

இதனால் தொழிலின் வாசற்படியில் இரண்டு கதவுகள் இருந்தன. வேலைக்கு யாரை எடுப்பது என்பதை நிர்வாகம் முடிவு செய்தது. எடுக்கப்பட்டவருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுப்பது என்பது இன்ஜினில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவரின் கையில் இருந்தது. சட்டமும் அரசாணையும் திறந்தது முதல் கதவை. இரண்டாவது கதவு ஒவ்வொரு ஷெட்டிலும் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகத் திறந்தது. வரலாற்று நூல்கள் முதல் கதவைப் பற்றியே அதிகம் பேசியிருப்பது இந்தத் தொழிலுக்கு நியாயம் செய்யவில்லை.

பிரிட்டனிலிருந்து டிரைவர்களை வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. வெயிலும் காய்ச்சலும் பலரை வீழ்த்தின. குடி சிலரை வீழ்த்தியது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். கம்பெனிகள் இந்தியாவிலேயே பிறந்த ஐரோப்பியரின் பிள்ளைகளையும், ஐரோப்பியத் தந்தை வழியில் வந்த கலப்பினத்தாரையும் நாடின. யூரேசியர் என்று அரசுத் தாள்களில் குறிக்கப்பட்ட இந்த மக்களுக்கு 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஆங்கிலோ இந்தியர் என்ற பெயர் அதிகாரபூர்வமானது. தமிழில் அவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது: சட்டைக்காரர்கள்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ரயில் என்பது படை நகர்த்தும் கருவி என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடம் வலுத்தது. மெயில் வண்டியையும் ராணுவ வண்டியையும் நம்பிக்கையானவர் கையில்தான் தர வேண்டும் என்பது எழுதாத விதியானது. ரயில்வேயில் வேலை செய்த ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் துணைப்படையில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள். வேலைநிறுத்தம் வந்தால் அதே ஆட்கள் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. உழைக்கும் இடத்தில் இனப்பிளவை இவ்வளவு திட்டமாக வளர்த்த தொழில்கள் அதிகம் இல்லை. முதல் தொழிற்சங்கமும் அந்தப் பிளவின் ஒரு பக்கத்தில்தான் பிறந்தது. 1897-ல் தோன்றிய இந்திய, பர்மா ரயில்வே ஊழியர் கூட்டுச் சங்கம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஊழியர்களுக்கானது.

பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், விழுப்புரம், பொன்மலை ஆகிய ஊர்களின் ரயில்வே காலனிகளில் ஒரு முழு சமூகமே டிரைவர் வேலையைச் சுற்றி அமைந்தது. தந்தை மெயில் டிரைவர், மகன் ஃபயர்மேன், மைத்துனர் கார்டு, மகள் டெலிபோன் ஆபரேட்டர் அல்லது ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணம் காலனிக்குள், பள்ளிக்கூடமும் தேவாலயமும் நடைதூரத்தில், மாலையில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனமும் சீட்டாட்டமும். கிறிஸ்துமஸ் நடனத்துக்குப் பக்கத்துக் காலனிகளிலிருந்து இலவசப் பாஸில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாறியபோது, அங்கே எழுந்த குடியிருப்பிலும் யாருக்கு எத்தனை பெரிய வீடு, எந்தத் தெரு என்பதில் பதவியும் இனமும் சேர்ந்தே பேசின.

இந்தியர்கள் இன்ஜினில் ஏறியது நல்லெண்ணத்தால் அல்ல, சிக்கனத்தால். ஐரோப்பிய டிரைவர் ஒருவரின் செலவில் பல இந்தியர்களை வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கம்பெனிகளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் யார்டில் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலை, பிறகு கூட்ஸ், அதன்பின் கிளைப் பாதைகளில் பாசஞ்சர் என்று ஒவ்வொரு படியாகவே அவர்களுக்கு வழி விடப்பட்டது. மெயில் வண்டி கடைசிப் படி. முதல் உலகப் போரில் ஐரோப்பிய ஊழியர்கள் படைக்குப் போனதும் சில இடங்கள் காலியாகி, சில படிகள் சீக்கிரம் ஏறக் கிடைத்தன.

ஆங்கிலோ இந்திய இளைஞர் நேராக உயர்தர ஃபயர்மேனாகச் சேரலாம். இந்தியர் கிளீனராகத் தொடங்கி, ஷெட்டில் இன்ஜினின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சாம்பல் அள்ளி, இரண்டாம் ஃபயர்மேனாகிக் கரி உடைத்து, முதல் ஃபயர்மேனாகி அடுப்பைக் கவனித்து, ஷண்டராகி, அதற்குப் பின்னரே டிரைவராக முடியும். தலைமுடி நரைக்கும் வரை ஃபயர்மேனாகவே இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். வண்டி ஓடும் நேரத்தில் இரு இனத்தாரும் ஒரே வெக்கையில், ஒரே கரிப்புழுதியில் நின்றார்கள். இறங்கியதும், ஊழியர்கள் தங்கி இளைப்பாறும் ரன்னிங் ரூமிலும் பிரிவுதான்: ஐரோப்பியர் ரன்னிங் ரூம் ஒரு பக்கம், இந்தியர் ரன்னிங் ரூம் இன்னொரு பக்கம்.

அதிகாரிகள் மட்டத்தில் இந்தியமயமாக்கல் கமிட்டிகளின் வழியே வந்தது. 1920-21-ல் கூடிய ஆக்வொர்த் கமிட்டி ரயில்வேயை அரசே நேரடியாக நடத்த வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. 1924-ல் லீ கமிஷன் ரயில்வே உயர்பணிகளுக்கு எடுப்பவர்களில் 75 சதவீதம் இந்தியராக இருக்கும் நிலையை நோக்கிச் செல்லப் பரிந்துரைத்தது. ஆங்கிலோ இந்தியர்களுக்குத் தங்கள் நிலை ஆட்டம் காண்பது அப்போதே புரிந்தது. அவர்களுடைய தலைவர் ஹென்றி கிட்னி லண்டன் வரை சென்று வாதாடினார். 1934 ஜூலையில் வந்த அரசுத் தீர்மானம், ரயில்வேயின் கீழ்நிலைப் பணிகளில் நேரடியாக நிரப்பும் இடங்களில் 8 சதவீதத்தை ஆங்கிலோ இந்தியருக்கும் இங்கேயே குடியமர்ந்த ஐரோப்பியருக்கும் ஒதுக்கியது. முழுத் தொழிலும் தங்களுடையது என்று இருந்தவர்கள் இட ஒதுக்கீட்டின் பாதுகாப்பில் வாழ வேண்டிய காலம் அங்கே தொடங்கியது.

அரசியல் சாசனத்தின் 336-வது பிரிவு அந்தப் பாதுகாப்புக்கு ஒரு முடிவுத் தேதியும் குறித்தது. ரயில்வே, சுங்கம், தபால், தந்தித் துறைகளில் 1947 ஆகஸ்ட் 15-க்கு முன்பிருந்த அடிப்படையிலேயே ஆங்கிலோ இந்தியருக்கு இரண்டு ஆண்டுகள் இடம் தரப்படும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் வீதம் குறையும். பத்து ஆண்டு முடிந்ததும் ஒதுக்கீடு முழுவதுமாக நின்றுவிடும். சிறுபான்மை ஒன்றைப் பழைய சலுகையிலிருந்து படிப்படியாக இறக்கிவிட்ட இந்த ஏற்பாடு நிதானமும் மனிதத்தன்மையும் கொண்டது. ஆனாலும் காலனிகளில் அச்சம் குறையவில்லை. பிரிட்டனுக்கும், பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள்.

கிளம்பும் முன்பு அவர்களில் பலர் தங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். 1940-களிலும் 50-களிலும் தென்னக ஷெட்டுகளில் டிரைவரான இந்தியர்களின் தலைமுறை, ஆங்கிலோ இந்திய டிரைவர்களின் பக்கத்தில் கரி வீசித்தான் மேலே வந்தது. இனப்பாகுபாட்டால் ஆதாயம் பெற்றவர்கள் என்பதும், தொழிலை உயிராக நேசித்தவர்கள் என்பதும் அந்த டிரைவர்கள் விஷயத்தில் சேர்ந்தே உண்மை. பளபளவென்று துடைத்த பித்தளை, நேரம் தவறாமை, வண்டி ஏறுமுன் இன்ஜினைச் சுற்றிவந்து ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்ப்பது என அவர்களுடைய பழக்கங்கள் ஷெட்டில் தங்கிவிட்டன. சொற்களும் தங்கின. ‘லைன் கிளியர்’, ‘ரைட் டைம்’, ‘லைன் பாக்ஸ்’ எல்லாம் எழுத்தறியாத கலாசியின் வாயிலும் தமிழ்ச் சொல்போலவே புழங்கின.

வெள்ளை, கறுப்பு என்ற பிரிவு ஓய்ந்த இடத்தில் சாதிப் பிரிவு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அது புதியதல்ல. தென்னிந்திய நிலையங்களில் பிராமணருக்கெனத் தனிச் சிற்றுண்டிச் சாலைகள் 1940-கள் வரை இருந்தன. டிரைவரும் ஃபயர்மேனும் லைன் பாக்ஸ் என்ற பயணப் பெட்டியில் அரிசி, பருப்பு, பாத்திரம் கொண்டுபோய் ரன்னிங் ரூம் சமையற்காரரிடம் கொடுத்துச் சமைத்து வாங்கும் முறை இருந்தது. யாருடைய அரிசி யாருடைய பானையில் வேகிறது என்ற கேள்வி அங்கே சிறியதாக இருக்கவில்லை.

1950-க்குப் பின் பட்டியல் சாதியினருக்கு 12.5 சதவீதமும் பழங்குடியினருக்கு 5 சதவீதமும் மத்திய அரசுப் பணிகளில் ஒதுக்கப்பட்டன. 1970-ல் இவை 15, 7.5 சதவீதமாக உயர்ந்தன. தொடக்கத்தில், சேர்க்கையில் இடம் கிடைத்தாலும் மேற்படிகளில் ஏற வழி இல்லாதிருந்தது. பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு செல்லுமா என்ற கேள்வி நாட்டில் முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தது தெற்கு ரயில்வேயில்தான். தேர்வுமுறைப் பதவிகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியருக்கு இடம் ஒதுக்கிய ரயில்வே வாரியத்தின் சுற்றறிக்கைகளை எதிர்த்து, ரங்காச்சாரி என்ற ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. தெற்கு ரயில்வே பொது மேலாளர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1961 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் மூவர் பதவி உயர்விலும் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அதுவே சட்டமாக நின்றது. 1992-ல் இந்திரா சஹானி தீர்ப்பு அதை மாற்றியதும், 1995-ல் 77-வது சாசனத் திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதே உரிமையை மீண்டும் உறுதி செய்தது.

ஷெட்டுக்குள் இவையெல்லாம் எளிதாக ஏற்கப்படவில்லை. சீனியாரிட்டிப் பட்டியல் என்பது ரயில்வே ஊழியருக்குக் குடும்ப ஜாதகத்துக்கு நிகரானது. அதில் ஒரு பெயர் மேலேறினால் நூறு பேர் கவனிப்பார்கள். மனக்கசப்புகள் நீண்டன. அதே சமயம் ஒரே இன்ஜினில் நடுநிசியில் ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் உயிரும் போகும் என்ற நிலை, வேறு எந்த அலுவலகத்திலும் இல்லாத ஒரு நெருக்கத்தையும் உண்டாக்கியது. 1973-ல் லோகோ ஓட்டும் ஊழியர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்து, தொடர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதில்லை என்ற ஒப்புதலைப் பெற்றார்கள். மறு ஆண்டு மே மாதம் சுமார் 17 லட்சம் ரயில்வே ஊழியர்கள் இருபது நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சாதி, மொழி, மதம் கடந்து டிரைவர்கள் ஒரே தரப்பாக நின்ற காலம் அது. துணைப்படைச் சீருடையில் ஒரு பாதி மறுபாதிக்கு எதிராக நின்ற நாட்களோடு ஒப்பிட்டால்தான் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

நீராவி போனது தொழிலின் ஏணியையே மாற்றியது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-ல் கடைசி நீராவி இன்ஜினைக் கட்டியது. அகலப் பாதையில் வழக்கமான நீராவி ஓட்டம் 1995 டிசம்பரில் முடிந்தது. டீசலிலும் மின்சாரத்திலும் ஃபயர்மேனுக்கு வேலை இல்லை. உதவி ஓட்டுநர் என்ற பதவி வந்தது. கிளீனராகச் சேர்ந்து இருபது ஆண்டில் டிரைவராகும் வழி அடைபட்டு, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ சான்றிதழோடு தேர்வாணையப் பரீட்சை எழுதி நேராக உதவி ஓட்டுநராகும் வழி திறந்தது. ரயில்வே காலனியையே பார்த்திராத, உறவினர் யாரும் ரயில்வேயில் இல்லாத இளைஞர்கள் முதன்முறையாகப் பெருமளவில் உள்ளே வந்தார்கள். டிரைவர் என்ற பெயரே பின்னால் லோகோ பைலட் ஆனது.

குடும்பத் தொழில் என்ற எண்ணம் இதற்கெல்லாம் அசையவில்லை. 2004-ல் ஓட்டுநர்களுக்கும் பாதைப் பராமரிப்பு ஊழியர்களுக்கும் ஒரு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. உடலுழைப்பில் தளர்ந்தவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றால், தகுதியுள்ள பிள்ளைக்கு வேலை கிடைக்கும். 2010-ல் அது மேலும் பல பிரிவினருக்கு விரிந்தது. தகப்பன் இடத்தில் மகன் நிற்பது ஊழியர்களின் கண்ணில் நியாயமான உரிமை; வெளியே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞரின் கண்ணில் அடைத்த கதவு. 2016-ல் பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றம், பொதுவேலையில் சம வாய்ப்பு என்ற சாசன விதிக்கு இத்திட்டம் பொருந்துகிறதா என்று கேள்வி எழுப்பி, மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2017 அக்டோபரில் ரயில்வே அதை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு முற்றாகக் கைவிட்டது. பரம்பரை உரிமை என்ற வழக்கம் எழுத்துவடிவில் அப்படித்தான் முடிந்தது.

அகில இந்தியத் தேர்வு மொழியையும் ஒரு பிரச்சினையாக்கியது. தமிழ்நாட்டு ஷெட்டுகளிலும் நிலையங்களிலும் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருகினார்கள். 2019 மே மாதம் மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் அருகே ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிராக விடப்பட்டு, விபத்து நேராமல் தப்பியது. நிலைய அதிகாரிகள் ஒருவர் சொன்னதை மற்றவர் சரியாகப் புரிந்துகொள்ளாததே காரணம் என்று பேசப்பட்டது. அடுத்த மாதம், கட்டுப்பாட்டு அறையும் நிலைய அதிகாரிகளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் பேச வேண்டும் என்று தெற்கு ரயில்வே சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. சமிக்ஞை பற்றிப் பேசும் இருவரும் ஒரே மொழியில் உறுதியாக இருக்க வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட தேவை. அந்த ஊரின் மொழியை ஒதுக்கிவைத்து அதை அடைய முயன்றது தவறு. கேட் கீப்பரும் பயணியும் பேசுவது அந்த மொழியில்தான்.

பெண்கள் இந்த வேலைக்கு வந்தது எல்லாவற்றிலும் தாமதமாக. ரயில்வேயில் பெண்கள் எப்போதும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில், டெலிபோன் பலகையின் முன்னால், டிக்கெட் கவுண்டரில், பாதையோரத்தில் ஜல்லி கொட்டும் கூட்டத்தில். இன்ஜினுக்கு மட்டும் கரி வீசும் உடல்பலம் வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் பட்டம் பெற்ற, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா, ஜமால்பூர் ரயில்வே பணிமனையில்தான் ஓராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தார். பணிமனை அப்போதே ஒரு பெண்ணை ஏற்றுக்கொண்டது. இன்ஜின் ஏற்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1989-ல் மத்திய ரயில்வேயில் உதவி ஓட்டுநரானார். நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் அவரே. கூட்ஸ் வண்டியில் தொடங்கி, 2000-ல் மும்பையின் மகளிர் சிறப்பு ரயிலையும், 2011 மகளிர் தினத்தன்று டெக்கான் குயினையும், 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் ரயிலையும் ஓட்டினார். 1991-ல் சேர்ந்த மும்தாஸ் காஜி டீசல் இன்ஜின் ஓட்டிப் பெயர் பெற்று, 2017-ல் நாரி சக்தி விருது பெற்றார். இருவரும் ரோடு கற்றுக்கொண்டது ஆண் ஓட்டுநர்களிடம். ஆங்கிலோ இந்தியரிடம் இந்தியர் கற்றுக்கொண்ட அதே முறையில், பக்கத்தில் நின்று.

அண்மைக் கணக்குகளின்படி பெண் லோகோ பைலட்டுகள், உதவி பைலட்டுகளின் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியிருக்கிறது. எண்ணிக்கை கூடிய வேகத்தில் வேலையிடம் மாறவில்லை. பல இன்ஜின்களில் கழிப்பறை கிடையாது. வண்டி எப்போது வரும் என்ற உறுதி இல்லாமல், நள்ளிரவிலும் அழைப்பு வந்த உடனே கிளம்ப வேண்டும். கூட்ஸ் வண்டி ஏதோ ஒரு காட்டு நிலையத்தில் மணிக்கணக்கில் நிறுத்தப்பட்டால் இறங்கி ஒதுங்க இடம் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பக் காலத்திலும் இது எத்தனை பெரிய துன்பம் என்பதைப் பெண் ஓட்டுநர்கள் நிர்வாகத்திடம் பலமுறை எழுதித் தந்திருக்கிறார்கள். வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ள ஒருமுறை வாய்ப்பு வேண்டும் என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

ஆண் ஓட்டுநர்களும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, சிறுநீரகக் கோளாறோடு தலைமுறை தலைமுறையாக அதே இன்ஜினில் ஓடியவர்கள்தான். அவர்களுடைய சங்கங்கள் நெடுங்காலம் கேட்டு நகராத கோரிக்கை, பெண்கள் வந்தபின் நகரத் தொடங்கியது. 2016-ல் உயிரிக் கழிப்பறை பொருத்திய முதல் இன்ஜின் ஓட்டத்துக்கு விடப்பட்டது. பழைய இன்ஜின்களில் அதைப் பொருத்தும் பணியும், ரன்னிங் ரூம்களில் பெண்களுக்குத் தனி அறை ஒதுக்கும் பணியும் இன்னும் முடியவில்லை.